கூட்டு மனுவில் மூன்றாம் ஆள்

கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்களில் தாலி கட்டுவதைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு, பந்திக்கு மட்டும் வருகிறவர்கள் உண்டு, மொய்க் கவரைக் கொடுத்து மேடையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த நினைப்பது வேறோர் இனம். திருமணப் பதிவு மேசைக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடுவதற்கு முன்பாகவே, சட்டைப் பையில் சொந்தப் பேனாவோடு ஒருவர் நிற்பாரே, அவர்தான். சாட்சிக் கையெழுத்துக்காரர்.

பதிவதிகாரி சாட்சி யார் என்று வாயைத் திறப்பதற்குள் இவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டியிருப்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் கோழி கிளறியதுபோல் கிறுக்கிய இடத்துக்குக் கீழே இவருடைய கையெழுத்து கோயில் தேர் மாதிரி அசைந்து அசைந்து போய் நிற்கும். அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளிகள். புள்ளிகள் எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை.

அத்தோடு வேலை முடிந்தது என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அவர் அப்படி நினைப்பதில்லை. கார்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவனைத்தான் பேங்க் தேடி வருகிறது, அப்படியிருக்கக் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டவனை மட்டும் சும்மா விட்டுவிடுவார்களா என்பது அவருடைய வாதம். ஆகவே ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை மண்டோர் காலையில் ஆட்களை நிறுத்திப் பெரட்டு எடுத்த மாதிரி, தாம் கையெழுத்துப் போட்ட ஜோடிகளையெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு ஆஜர் எடுப்பார். பிள்ளை இல்லையென்றால் ஏன் இல்லை என்பார். ஒன்று இருந்தால் இன்னொன்று எங்கே என்பார். இரண்டும் இருந்தால் வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்று விசாரிப்பார்.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி பத்துமலை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த ஸ்டோரை விட்டு ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை. பொருள் உள்ளே வந்தபோது யார் கையெழுத்துப் போட்டாரோ அவரேதான் அது வெளியே போகும்போதும் போட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த விதி. இப்படிப்பட்டவருடைய சொந்தத் தம்பி மகள், அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்ட கல்யாணத்தை விட்டு, அவரைக் கேட்காமலே வெளியே போகப் பார்த்தால் அவர் என்ன செய்வார்?

அந்தப் பெண்ணின் பெயர் தினேஸ்வரி. அவளுடைய அப்பா காலமாகிவிட்டதால் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுத்தவர் பத்துமலை. அன்று மண்டபத்தில் அவர் அழுத அழுகை உண்மையான அழுகை. அவரைக் கேலி பேசுகிற நானே அதைப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை பவித்ரன் தாப்பா ஊர்ப் பையன், ஈப்போவில் ஏர்கான் பழுதுபார்க்கிறவன். குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது, இன்னொருத்தி கிடையாது. இருவரும் நல்லவர்கள், ஒரே வீட்டில் இருக்க மட்டும் முடியாதவர்கள். பேசிப் பார்த்தார்கள், பேசாமலும் பார்த்தார்கள். கடைசியில் அவன் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். இருவரும் சேர்ந்தே சரளா என்ற வழக்கறிஞரைப் பார்த்து, கூட்டு மனுவாகப் போட்டு விவாகரத்து வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். எட்டு வயது மகள் லோஷினி பள்ளி நாட்களில் அம்மாவிடம், வார இறுதியில் அப்பாவிடம், விடுமுறையில் பாதி பாதி. இதை எழுதிக் கொடுக்க அவர்களுக்கு ஒரு குவளைத் தே தாரிக் குடிக்கும் நேரம்தான் பிடித்தது.

விஷயம் தினேஸ்வரியின் அம்மா மூலம் பத்துமலையின் காதுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே போனார். கல்யாணம் முறிகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தமக்குச் சொல்லவில்லையே என்ற வருத்தம் அதற்கு முன்னால் போய் நின்றது.

அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தினேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"எங்களுக்குள்ள சண்டை இல்ல பெரியப்பா. சண்டை வரக் கூடாதுன்னுதான் இப்படிப் போறோம். ரெண்டு பேரும் ஒத்து மனுப் போட்டா ஜட்ஜு எங்களை மட்டும் கேட்டுட்டு விட்டுருவாரு. முட்டிக்கிட்டோம்னு வைங்க, லோஷினியத் தனியா ரூம்புக்குள்ள கூப்பிட்டு, உனக்கு அம்மாகிட்ட இருக்கணுமா அப்பாகிட்ட இருக்கணுமான்னு கேட்டாலும் கேப்பாங்களாம். லாயரு சொன்னாங்க. அந்தக் கேள்வி அவ காதுல விழவே கூடாது. எனக்கு அது போதும், வேற ஒண்ணும் வேணாம்."

பத்துமலை எழுந்து அவள் பக்கத்தில் போனார். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளையின் காதில் விழாமல் தாம் பார்த்துக்கொள்வதாக அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். சொன்னதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இந்த இனத்தின் தனிச்சிறப்பே அதுதான். கெட்ட எண்ணத்தோடு இவர்கள் எதையும் கெடுப்பதில்லை.

எப்படிப் பார்த்துக்கொள்வது? அதற்கு அவர் போன இடம் சலாஹுதீனின் சாப்பாட்டுக்கடை. சலாஹுதீன் கொஞ்சமாகப் பேசி நிறையக் கேட்கிற மனிதர். அவருடைய அக்காள் மகளுக்கும் புருஷனுக்கும் ஓயாத சண்டையாகி, ஷரியா நீதிமன்றம் இரண்டு பக்கமும் ஒரு பெரியவரை மத்தியஸ்தராக, அதாவது ஹக்காமாக, நியமித்துப் பேசி முடிக்கச் சொல்லியிருந்தது. பெண் பக்கத்து ஹக்காமாக இருந்தவர் சலாஹுதீன். அந்த அனுபவத்தை, கேட்ட மரியாதைக்காக, சொல்லிக்கொண்டு வந்தார். பத்துமலை கேட்டுக்கொண்டே வந்தவர், 'இரண்டு பக்கமும் ஒரு பெரியவர்' என்ற இடத்தில் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எங்க கோர்ட்ல அண்ணே," என்றார் சலாஹுதீன், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு. "உங்களுக்குச் சிவில் சட்டம். அதுல ஹக்காம் எல்லாம் கிடையாது."

"எல்லாம் கவர்மெண்டு கோர்ட்டுதானேலா?"

இதற்குச் சலாஹுதீன் பதில் சொல்லத்தான் இருந்தார். அதற்குள் கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார். ஸ்டோரில் ஆட்சேபம் எழுதாத சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு. பத்துமலை மிச்ச ரொட்டியை முடித்துக் கை கழுவிவிட்டு எழுந்தபோது ஹக்காமாக எழுந்தார். புந்தோங்கின் முதல் இந்து ஹக்காம்.

கூட்டு மனுவில் கையெழுத்துப் போடச் சரளா தம்பதியை வரச் சொல்லியிருந்த நாளில் அவர்களுக்கு முன்னால் அலுவலகத்தில் இருந்தவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவிலிருந்த நாற்காலி அவருடையது. வழக்கறிஞர் தினேஸ்வரியிடம் வயதைக் கேட்டால் இவர் சொன்னார். பவித்ரனிடம் வேலையைக் கேட்டால் அதையும் இவரே சொல்லி, அந்த வேலைக்கு வருங்காலம் எப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னார். இருவருக்கும் இதில் முழுச் சம்மதமா என்று கேட்டபோது, யோசித்துச் சொல்கிறோம் என்றார். சரளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்க யாரு?"

"ஹக்காம்."

மேலே ஏர்கான் ஒருமுறை கடகடத்தது. பழக்க தோஷத்தால் பவித்ரன் அதை நிமிர்ந்து பார்த்தான். இந்த மனுவில் அப்படி ஒரு பதவி இல்லை, புருஷன் பெண்சாதி இருவர்தான் என்று சரளா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்படியானால் சாட்சிக் கையெழுத்தை எந்தப் பக்கத்தில் போடுவது என்று பேனாவைத் திறந்தபடி கேட்டார் பத்துமலை. இதற்குச் சாட்சியும் வேண்டாம் என்றார் சரளா. தம்பதி கையெழுத்துப் போட்டார்கள், பத்துமலை பேனாவை மூடினார். படித்த பெண்தான், ஆனால் சின்ன வயது, போகப்போகத் தெரிந்துகொள்வாள் என்று பெருந்தன்மையோடு மன்னித்தார். எதிர்ப்பக்கத்து ஹக்காம் வராமல் தாம் மட்டும் தனியாகப் போனதுதான் தப்பு என்பது மாடிப்படி இறங்கும்போது அவருக்கு விளங்கியது.

மறுநாளே பஸ் ஏறித் தாப்பா போனார். பவித்ரனின் சித்தப்பா இராமசாமி அங்கேதான் இருக்கிறார். கேமரன் மலைக்குப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு எதிலும் தலையிடாமல் புறா வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். அண்ணன் மகனுக்கு விவாகரத்து என்பது அவருக்குத் தெரியும். அது அவனுடைய பாடு என்று விட்டிருந்தார். பத்துமலை போய் அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். பக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது யாருக்குத்தான் தெரியாது? புறாக் கூண்டைச் சாத்திவிட்டு இராமசாமியும் கிளம்பிவிட்டார்.

இரண்டு ஹக்காம்களும் சலாஹுதீன் கடையில் கூடிப் பேசினார்கள். முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது. குத்துவிளக்கு பெண்ணுக்கு. கல்யாண ஆல்பம் ஆளுக்குப் பாதி. துணி துவைக்கும் மெஷின் யாருக்கு என்பதை விவாதித்து, இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த மெஷின் பழுதாகிப் பழைய இரும்புக்காரனிடம் போய் நாளாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியாது. அப்புறம் இருவரில் யாரோ ஒருவர் தீபாவளிப் பேச்சை எடுத்தார். தீபாவளிக் காலையில் லோஷினியின் தலையில் முதல் எண்ணெய் யார் வைப்பது?

அப்பன் வீட்டுப் பிள்ளை, அப்பன் வீட்டில்தான் எண்ணெய் என்றார் இராமசாமி. பெண் பிள்ளையின் தலை தாய்வீட்டுத் தலை என்றார் பத்துமலை. இப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது, அவருக்கே அப்போதுதான் தோன்றியது. சத்தம் ஏறியது. சலாஹுதீன் வந்து மேசையிலிருந்த கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டு போனார்.

இராமசாமி தாப்பாவுக்குத் திரும்பி நேரே பவித்ரனின் அம்மாவிடம் போனார். அம்மா மகனுக்குப் போன் போட்டு அழுதாள். அதுவரை தீபாவளி என்று ஒன்று வருவதையே யோசிக்காத பவித்ரன், தினேஸ்வரிக்குப் போன் போட்டு, தீபாவளிக்குப் பிள்ளை தாப்பாவுக்கு வரவில்லையென்றால் மனுவிலிருந்து தன் சம்மதத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவளும் ஏதோ சொன்னாள். இவ்வளவு நாளாக இருவரும் பல்லைக் கடித்துக் காத்த பொறுமை அன்று விட்டுப்போயிற்று. சரளா இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு எச்சரித்தார்: ஒருவர் பின்வாங்கினாலும் கூட்டு மனு விழுந்துவிடும், பிறகு மற்றவர் முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், அதன்பின் தனி மனு, எதிர்வாதம், பிள்ளை யாருக்கு என்ற விசாரணை. அந்த விசாரணையில் அந்த அறை. அந்த அறையில் அந்தக் கேள்வி.

விஷயத்தைத் தினேஸ்வரியின் அம்மா வந்து பத்துமலையிடம் சொன்னபோது அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியா," என்றார். "நான் இருக்கும்போதே இவ்வளவு சண்டை. நான் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

இந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் கோபம் வரலாம். தினேஸ்வரிக்கும் வந்தது. ஆனால் சண்டை போட்டால் இவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவார் என்பது அவள் பிறந்ததிலிருந்து அறிந்த உண்மை. அதனால் வழக்கு நாளுக்கு முந்தின வாரம் அவருக்குப் பிடித்த கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போய், ஹக்காம் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று பணிவாக ஆரம்பித்தாள். தீர்ப்பு வரும்வரை இரண்டு ஹக்காம்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். குடும்பத்தார் யாரிடமும் வாய் திறக்கக் கூடாதாம். மீறினால் ஹக்காம் பதவி போய்விடுமாம்.

பத்துமலை ஏமாறுகிறவரா? நேரே சலாஹுதீனிடம் போய் உண்மையா என்று கேட்டார். சலாஹுதீன் தேயிலைச் சாயத்தை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயர ஆற்றினார்.

"பேசாம இருக்கிறதுதான் அண்ணே ரொம்ப முக்கியம்," என்றார்.

ஆக, வழக்கு நாளில் ஈப்போ உயர் நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில், சுவரோரப் பெஞ்சில், முழுக்கைச் சட்டை போட்ட இரண்டு பெரியவர்கள் வாய் மூடி உட்கார்ந்திருந்ததை அங்கே போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் தள்ளி ஜன்னலருகே பவித்ரனும் தினேஸ்வரியும் நின்று பேசினார்கள். எண்ணெய் இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே, மத்தியானச் சாப்பாடு மற்ற வீட்டில் என்று முடிவு செய்ய, ஹக்காம் இல்லாததால், அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டுத் தானே சொன்னான். பிறகு பெயர் கூப்பிட, சரளாவோடு உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் பத்துமலை பாதி எழுந்தார். எப்படியும் சாட்சியைக் கூப்பிடுவார்கள் என்று அவர் நம்பினார். அன்றைக்குத் தாரை வார்த்துக் கொடுத்த கைக்கு இன்றைக்கு ஒரு வேலையும் இல்லையா? யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு மெய்யாகவே வலித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த இராமசாமி, பேசக் கூடாது என்ற சட்டத்தை மீறாமல், பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து நீட்டினார். இருவருக்கும் சமாதானம் ஆனது அப்போதுதான்.

உள்ளே நீதிபதி கேட்டது கொஞ்சம்தான் என்று பிறகு தெரிந்தது. யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இருவரும் மனமொத்துத்தான் பிரிகிறீர்களா, பிள்ளைக்குச் செய்திருக்கும் ஏற்பாடு இருவருக்கும் சம்மதமா. சம்மதம் என்றார்கள். தீர்ப்பு மூன்று மாதத்தில் நிரந்தரமாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த தினேஸ்வரியின் முகத்தில், ஒரு பெரிய மூட்டையைக் கடைசிப் படி வரை சுமந்து இறக்கி வைத்தவளின் களைப்பு இருந்தது. லோஷினியை யாரும் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

எல்லோரும் சலாஹுதீன் கடைக்குப் போனார்கள். லோஷினியைப் பாட்டி அங்கே அழைத்து வந்திருந்தாள். பவித்ரன் மகளின் ரொட்டியைப் பிய்த்துப் போட்டான், தினேஸ்வரி அதன்மேல் சீனி தூவினாள். இருவரும் ஒரே மேசையில் சிரித்துப் பேசுவதைப் பார்க்கப் பத்துமலைக்கு மனம் நிறைந்துவிட்டது. தாம் எடுத்த காரியம் முடிந்தது. தீர்ப்பு வந்துவிட்டதால் பேசக் கூடாது என்ற தடையும் இனி இல்லை. காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த பிரியமெல்லாம் பொங்க, லோஷினியைப் பக்கத்து நாற்காலிக்கு இழுத்து, அவளுக்கு ஒரு குவளை மைலோ சொல்லி, கன்னத்தைக் கிள்ளி, எல்லோரும் கேட்கும்படிச் செல்லமாகக் கேட்டார்.

"சொல்லு செல்லம். உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?"

சீனிக் கரண்டி அப்படியே நின்றது. லோஷினி நிமிரக்கூட இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில், மூச்சு விடாமல் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிடிக்கும், ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி."

பத்துமலை தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் குடும்பத்து மூளை பாருங்கள் என்று இராமசாமியிடம் சொன்னார். அது தாப்பாக் குடும்பத்து மூளை என்று இராமசாமி திருத்தினார்.

தினேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்படிச் சொல்லணும்னு யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. எல்லாரும் கேப்பாங்கம்மா. சின்னதுலேருந்து கேப்பாங்க. இப்படிச் சொன்னாத்தான் விடுவாங்க."

"எல்லாரும்னா யாரு?"

லோஷினி மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். எண்ணி மாளாது என்று தோன்றியிருக்க வேண்டும், மைலோவை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

பத்துமலையை இனி எங்கே கண்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும். பேனா, கண்ணாடி, கோட்டுக்கடியில் புள்ளி. நாம் அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவதும் எனக்குத் தெரிகிறது. நீங்கள் சாட்சிக் கையெழுத்தே போட்டதில்லை, ஹக்காம் என்ற சொல்லையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறீர்கள். நல்லது. ஆனால் கடைசியாகப் போன கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்ததே, அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்ன கேட்டீர்கள்?

நினைவில்லையா? பிள்ளைக்கு இருக்கும்.